நிற்கிற வண்டி நடந்த இரவு

இரவு 11 மணி தாண்டியிருந்தது. ஆம்புலன்ஸ் தன் வழக்கமான காத்திருப்பு இடத்தில் சாலையோரமாக நின்றிருந்தது. எங்கள் பக்கம் ஏழெட்டு மாடிக் கட்டடம். எதிர்ப்பக்கம் அதைவிட இரண்டு மடங்கு உயரத்தில், முழுக்கக் கண்ணாடி போர்த்திய இன்னொன்று. மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, வரைபடத்தின் மேல் எங்கள் வண்டியைக் காட்டிய நீலப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அது நாங்கள் நின்ற இடத்திலேயே இருந்தது. பிறகு மெல்ல நகர ஆரம்பித்தது. சாலையைக் குறுக்கே கடந்தது. எதிர் நடைபாதையில் ஏறியது. கண்ணாடிக் கட்டடத்துக்குள் புகுந்து, 40 மீட்டர் தள்ளிப் போய் நின்றுகொண்டது.

ஓட்டுநர் அண்ணன் எட்டிப் பார்த்தார். "வண்டி அசையவே இல்லையே தம்பி" என்றார். சொன்னவர், எதற்கும் இருக்கட்டும் என்று கை பிரேக்கை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் அங்கே போய் நான் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம், அதற்கு முந்தைய வாரம் நடந்த ஒரு சம்பவம். அவசர அழைப்பு வந்தவுடன் எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதை அனுப்புவது கட்டுப்பாட்டு அறையின் வேலை. அன்று திரையில் மேம்பாலத்துக்குக் கீழே, சம்பவ இடத்துக்கு மிக அருகில் ஒரு வண்டி தெரிந்தது. அதை அனுப்பினார்கள். வண்டி உண்மையில் இருந்தது மேம்பாலத்துக்கு மேலே. பாலம் முடியும் வரை ஓடி, இறங்கி, திரும்பி வர வேண்டியிருந்தது. நோயாளி பிழைத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் அந்தக் கூடுதல் நிமிடங்களுக்கு நாங்கள் பொருத்திய கருவிதான் காரணம் என்பது என்னை விடவில்லை. அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை வருடம் இந்த ஒரு பிரச்சினையோடுதான் வாழ்ந்தேன். வாகனங்களுக்கு இடம் காட்டும் கருவி பொருத்துகிறவர்கள், அதற்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் யாருக்காவது பயன்படட்டும் என்று, கற்றதை எழுதிவைக்கிறேன்.

முதலில் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். ஜிபிஎஸ் பிழை என்றால் அது அங்குமிங்கும் சிதறும் இரைச்சல், சராசரி எடுத்தால் அடங்கிவிடும் என்று நம்பினோம். அதனால் இரைச்சலை அடக்கும் மென்பொருள் வடிகட்டியை இறுக்கினோம். கோடு வழுவழுப்பாக, பார்க்க மிக அழகாக ஆகிவிட்டது. எல்லோருக்கும் திருப்தி. பொட்டு முன்பு துள்ளித் துள்ளித் தவறான இடத்துக்குப் போனது. இப்போது வழுக்கிக்கொண்டு தவறான இடத்துக்குப் போனது. முன்பாவது துள்ளலைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. அந்த ஒரே எச்சரிக்கையையும் நாங்களே அழித்துவிட்டோம்.

உண்மை புரிந்தது அந்தக் காத்திருப்பு இடத்தில்தான். முதல் இரவு பொட்டு கிளம்பியது 11:42-க்கு. மறுநாளும் போய் உட்கார்ந்தேன். 11:38-க்குக் கிளம்பியது. மூன்றாம் நாள் 11:34. நோட்டில் மூன்று நேரங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. தினமும் 4 நிமிடம் முன்னதாக! ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் நாளுக்கு இரண்டு சுற்று சுற்றுகிறது. வானத்தில் அதே இடத்துக்கு அது திரும்பி வர 24 மணி நேரம் ஆவதில்லை, 23 மணி 56 நிமிடம்தான். எங்கள் பழைய கருவி ஜிபிஎஸ் மட்டுமே கேட்கக்கூடியது. ஆக, குறிப்பிட்ட ஒரு செயற்கைக்கோள் குறிப்பிட்ட ஒரு கட்டடத்துக்குப் பின்னால் மறையும்போதெல்லாம் இது நடக்கிறது. சிதறல் என்று நினைத்தது, பேருந்து அட்டவணை மாதிரி நேரம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. இப்படி வரும் பிழை, சராசரி எடுத்தால் எப்படிப் போகும்?

கணக்கு எளிது. ரிசீவர் அளப்பது, செயற்கைக்கோளிலிருந்து சிக்னல் வந்து சேர எடுக்கும் நேரத்தை. அதிலிருந்துதான் தூரம். ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும். எங்கள் பக்கக் கட்டடம் ஒரு செயற்கைக்கோளை மறைக்கிறது என்று வையுங்கள். நேர் சிக்னல் வரவில்லை. ஆனால் அதே சிக்னல் எங்கள் தலைக்கு மேலாகப் பறந்துபோய், எதிரே 15 மீட்டர் தள்ளியிருக்கும் கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. செயற்கைக்கோள் 45 டிகிரி உயரத்தில், சுவருக்கு நேர் எதிராக இருந்தால், இந்தச் சுற்றுவழி 21 மீட்டர் கூடுதல். ரிசீவருக்குச் சுவரும் தெரியாது, எதிரொலியும் தெரியாது. "அந்தச் செயற்கைக்கோள் 21 மீட்டர் தள்ளி இருக்கிறது, அப்படியானால் நாம் எதிர்ப்பக்கம்தான் இருக்க வேண்டும்" என்று முடிவு கட்டுகிறது. பொட்டு ஏன் கண்ணாடிக் கட்டடத்தை நோக்கியே நடந்தது என்பதற்கு இதுதான் விடை. எதிரொலித்து வரும் பாதை நேர்ப் பாதையைவிட நீளமாக மட்டுமே இருக்க முடியும். குறைவாக ஒருநாளும் இருக்காது. பிழை ஒரே பக்கமாகச் சாய்ந்தது.

இதோடு இன்னொரு கஷ்டமும் சேர்கிறது. இரு பக்கமும் உயரமான சுவர் இருந்தால், வானம் தெருவின் நீளவாக்கில் மட்டும்தான் திறந்திருக்கும். முன்னும் பின்னும் செயற்கைக்கோள்கள் தெரியும். இடமும் வலமும் தெரியாது. அதனால் தெருவின் நீளத்தில் இடம் ஓரளவு சரியாக வரும், குறுக்கே மோசமாகும். 21 மீட்டர் தூரப்பிழை திரையில் 40 மீட்டராகப் பெருகியது இதனால்தான். நமக்கோ குறுக்குப் பிழைதான் ஆபத்து. எந்தத் தெரு, எந்தப் பக்கம், சாலை நடுவே தடுப்புச் சுவர் இருந்தால் அதற்கு இந்தப் புறமா அந்தப் புறமா என்பதெல்லாம் அதில்தான் தொங்குகிறது.

இது புரியாத காலத்தில் திருத்தச் சேவைக்கு நிறையப் பணம் செலவழித்தோம். ஆர்டிகே என்கிற முறை. அருகில் ஒரு நிலையம் தன் இடத்தைத் துல்லியமாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, வரும் பிழையை நமக்கு அனுப்பும். திறந்த மைதானத்தில் சோதித்தபோது இரண்டு சென்டிமீட்டர் துல்லியம் வந்தது. அன்று எங்கள் குழுவில் இருந்த மகிழ்ச்சி சொல்லி முடியாது. அதே கருவியை அந்தத் தெருவுக்குக் கொண்டுபோனால் மீண்டும் பல மீட்டர். யோசித்தால் அது அப்படித்தான் இருக்க முடியும். வளிமண்டலத்தில் ஏற்படும் தாமதம், செயற்கைக்கோள் கடிகாரத்தின் பிசகு, பாதைக் கணிப்பின் பிசகு ஆகியவை நிலையத்துக்கும் நமக்கும் பொது. அவற்றைத் திருத்தலாம். நம் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும் கண்ணாடிச் சுவரை அந்த நிலையம் பார்க்கவே இல்லையே! அது பார்க்காத பிழையை அதனால் அனுப்பவும் முடியாது. தவிர, ஆர்டிகே நம்பியிருப்பது சுமார் 19 சென்டிமீட்டர் நீளமுள்ள அலைகளை விடாமல் எண்ணுவதை. ஒவ்வொரு கட்டடமும் அந்த எண்ணிக்கையை அறுத்துவிடும். திருத்தச் சேவை வீண் என்று சொல்ல மாட்டேன். நகரத்துக்குள் முதல் செலவு அதுவாக இருக்க வேண்டாம் என்பேன்.

முதல் செலவு ஆன்டெனாவுக்குப் போகட்டும். அதைவிட, ஆன்டெனாவை எங்கே வைக்கிறோம் என்ற கவனத்துக்குப் போகட்டும்.

எங்கள் வண்டிகளில் மூன்று மட்டும் மற்றவற்றைவிட மோசமாக இருந்தன. ஒரே சிப், ஒரே மென்பொருள். ஒரு பகல் முழுவதும் ஒரு வண்டியைப் பிரித்துப் போட்டுப் பார்த்தோம். அந்த மூன்றிலும் முன்கண்ணாடி வெயிலைத் தடுக்கும் வகை. அதில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது. ஆன்டெனாவோ டேஷ்போர்டின் மேல், அந்தக் கண்ணாடிக்கு அடியில். இந்த வகைக் கண்ணாடிகள் பலவற்றில் பின்பார்வைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பூச்சில்லாத ஒரு சிறு பகுதி விட்டிருப்பார்கள், சுங்கச்சாவடிக் கருவிக்காக. ஆன்டெனாவை அங்கே நகர்த்திய உடனே சிக்னல் வலிமை ஏறியது. இருந்தாலும் கடைசியில் எல்லா வண்டிகளிலும் கூரைக்கே மாற்றினோம். தட்டையான பீங்கான் ஆன்டெனாவுக்கு அடியில் உலோகத் தளம் வேண்டும், கூரையே அதற்குப் பொருத்தமான தளம். நடுவில் வைத்தால் நல்லது. சைரன் பெட்டிக்கும் விளக்குச் சட்டத்துக்கும் ஒட்டி வைத்தால் அவையே ஒரு சின்னக் கட்டடம்போல் வானத்தை மறைக்கும்.

இன்னொன்று. செயற்கைக்கோள் சிக்னல் வலப்பக்கமாகச் சுழன்றபடி வரும். ஒருமுறை சுவரில் பட்டால் பெரும்பாலும் இடப்பக்கச் சுழற்சியாகிவிடும். நல்ல ஆன்டெனா அதை ஓரளவு ஒதுக்கித் தள்ளும். விரல் நகம் அளவு மலிவான ஆன்டெனாவால் அது முடியாது. இரண்டு சுவர்களில் பட்டு வந்தால் சுழற்சி மறுபடி வலமாகிவிடும் என்பதால், எவ்வளவு நல்ல ஆன்டெனாவும் முழுக் காவல் இல்லை.

மின் இரைச்சலும் ஒரு விஷயம். தரையை வந்தடையும்போது இந்தச் சிக்னல் அவ்வளவு பலவீனமானது. அருகில் இருக்கும் எந்த மின்கருவியும் அதை மூழ்கடிக்கலாம். ஒரு வண்டியில் முன்பக்கக் கேமராவைச் சொருகினால் எல்லாச் செயற்கைக்கோள்களின் வலிமையும் ஒரே அடியாக ஆறேழு டெசிபல் விழுந்தது, கழற்றினால் ஏறியது. இன்னொன்றில் சிகரெட் லைட்டர் துளையில் சொருகிய போன் சார்ஜர். கண்டுபிடிக்கும் வழி சுலபம். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, தலைக்கு மேலே இருக்கும் செயற்கைக்கோள் ஒன்றின் வலிமை எண்ணைப் பார்த்துக்கொண்டே, கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். வானம் திறந்திருக்கும்போது அந்த எண் 45-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 35-ல் நின்றால் உங்கள் வண்டிக்குள்ளேயே எதிரி இருக்கிறது. கேபிள் கதவிடுக்கில் நசுங்குவது, இணைப்பில் தண்ணீர் புகுவது இரண்டையும் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பிறகுதான் சிப்பை மாற்றினோம். ஜிபிஎஸ்ஸுடன் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாவற்றையும் கேட்கும் சிப். இருக்கும் இடத்தைப் பொறுத்து இந்தியாவின் நாவிக்கும் சேரும். ஜப்பான்காரர்கள் தங்கள் மிச்சிபிக்கி செயற்கைக்கோள்களை, தங்கள் நாட்டின் தலைக்கு மேலேயே நீண்ட நேரம் நிற்கும்படி நீள்வட்டப் பாதையில் வைத்திருப்பது இந்த நெருக்கமான தெருக்களையும் மனதில் வைத்துத்தான். முதல் செயற்கைக்கோள் 2010-ல் போனது, 2018 நவம்பரில் முறையான சேவை ஆரம்பித்தது. எண்ணிக்கை கூடுவதால் கிடைக்கும் பெரிய லாபம், பொய் சொல்கிறவரைக் கண்டுபிடிக்க முடிவது. நான்கு பேர் மட்டும் சாட்சி சொன்னால் நால்வரையும் நம்பித்தான் ஆக வேண்டும். பதினைந்து பேர் சொன்னால், அதில் மூவர் மட்டும் ஒத்துப்போகாததைப் பார்க்கலாம்.

இரண்டாவது அலைவரிசையும் முக்கியம். பழைய எல்1 அலைவரிசையில் வரும் குறியீட்டில் ஒரு துண்டின் நீளம் சுமார் 293 மீட்டர். இரண்டாவதான எல்5-ல் அது பத்தில் ஒரு பங்கு, 29 மீட்டர்தான். துண்டு சிறிதாக இருந்தால், நேர் சிக்னலும் எதிரொலியும் கலந்து வரும்போது இரண்டையும் பிரித்து அறிவது எளிது. இதனால் எங்களுக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். நேர் சிக்னல் வரவே இல்லை, எதிரொலி மட்டும்தான் வருகிறது என்றால் எல்5 காப்பாற்றாது. தவறான தூரத்தை இன்னும் கூர்மையாக அளந்து கொடுக்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் எதிரொலியை எப்படி அடையாளம் காண்பது? வலிமை குறைந்த சிக்னலைச் சந்தேகிப்பது முதல் படி. தாழ்வான கோணத்தில் வருவதைச் சந்தேகிப்பது இரண்டாவது. இரண்டும் உதவும், இரண்டும் போதாது. கண்ணாடியும் உலோகத் தகடும் சிக்னலைப் பளிச்சென்று திருப்பி அனுப்பும், வலிமை எண்ணில் ஒன்றும் தெரியாது. தாழ்வானவற்றை எல்லாம் வெட்டினால், தெருவின் நீளவாக்கில் நேராகத் தெரியும் நல்ல செயற்கைக்கோள்களும் போய்விடும். வெட்டுக்கோணத்தை 30 டிகிரிக்கு ஏற்றிப் பார்த்து, நிலைமை மோசமாகி, திரும்ப இறக்கினோம். எங்களுக்குக் கைகொடுத்தது ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனைதான். வண்டி இந்நேரம் எங்கே இருக்க வேண்டும் என்று சக்கரத்தையும், திரும்பலை அளக்கும் கைரோ சென்சாரையும் வைத்து நாமே கணிக்கிறோம். ஒவ்வொரு செயற்கைக்கோளின் தூரமும் அந்தக் கணிப்போடு எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கிறோம். நீளமான பக்கம் விலகினால் கடுமையாகக் குறைத்து மதிப்பிடுகிறோம், ஏனென்றால் எதிரொலி அந்தப் பக்கம்தான் தவறும். இதற்கு, சிப் கொடுக்கும் முடிந்த இடத்தை மட்டும் வாங்கினால் போதாது. ஒவ்வொரு செயற்கைக்கோளின் மூல அளவீடும் வேண்டும். கருவி வாங்கும் முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.

சக்கரமும் கைரோவும் என்றேன். என் அனுபவத்தில் நகரத்துக்குள் துல்லியத்தைத் தூக்கி நிறுத்தியது இவைதான். வண்டிக்குத் தான் எவ்வளவு தூரம் ஓடியது, எவ்வளவு திரும்பியது என்று தெரியும். எந்தக் கட்டடமும் அதை மறைக்க முடியாது. ஆனால் இவற்றுக்கும் குணங்கள் உண்டு. மலிவான கைரோ திரும்பாதபோதும் கொஞ்சம் திரும்புவதாகச் சொல்லும். நொடிக்கு 0.1 டிகிரி என்று வையுங்கள். அற்பமாகத் தோன்றும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடம் ஓடினால், 31 மீட்டர் பக்கவாட்டில் தள்ளிவிடும். வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானியை மட்டும் நம்பித் தூரம் கணக்கிட்டால் இன்னும் மோசம். அதனால்தான் வேகத்தை, வண்டியின் பாகங்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் கேன் இணைப்பிலிருந்து, சக்கரத்திலிருந்தே எடுக்கச் சொல்கிறேன். அதிலும் டயர் தேய்ந்தால், காற்று குறைந்தால் கணக்கு மாறும். ஒரு சதவீதம் மாறினால் ஒரு கிலோமீட்டருக்கு 10 மீட்டர். திறந்த சாலையில் ஓடும்போதெல்லாம் செயற்கைக்கோளை வைத்துச் சக்கரக் கணக்கைத் தானாகத் திருத்திக்கொள்ளும்படி எழுதிவிட வேண்டும்.

கைரோவின் பிசகைக் கண்டுபிடிக்க ஒரு அருமையான வாய்ப்பு நம் கண்ணெதிரேயே இருக்கிறது. சிக்னல் விளக்கில் வண்டி நிற்கும்போது கைரோ பூஜ்யம் காட்ட வேண்டும். அப்போது அது காட்டுவது எதுவோ அதுவே பிசகு. வெயிலில் டேஷ்போர்டு சூடாகச் சூடாக அது மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்திலும் மறுபடி கற்க வேண்டும். நெரிசலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் எங்கள் கருவிக்குப் பாடவேளை.

நிற்கும் வண்டிக்கு வருவோம். சக்கரம் சுழலவில்லை என்றால் பொட்டு அசையக் கூடாது. இவ்வளவு சாதாரணமான விதியை நாங்கள் முதலில் எழுதவில்லை. எழுதிய அன்றே அந்தக் காத்திருப்பு இடத்தில் பொட்டு அடங்கியது. கவனம் வேண்டிய இடம் ஒன்றுண்டு. நிற்கும் முன்பே பொட்டு தவறான இடத்தில் இருந்தால், தவறையே உறையவைத்துவிடுவோம். ஆகவே உறையவைக்கும் இடம் சக்கரமும் கைரோவும் சேர்ந்து சொல்லும் இடமாக இருக்கட்டும். சக்கர இணைப்பு கிடைக்காத வண்டிகளில் டாப்ளர், அதாவது அசைவால் சிக்னலின் அலைவரிசையில் வரும் மாற்றம், உதவும். சுவர் அசையாது, வண்டியும் அசையவில்லை என்றால், எதிரொலித்து வந்த சிக்னலின் அலைவரிசை மாற்றமும் நேர் சிக்னலைப் போலவே இருக்கும். இடம் 40 மீட்டர் தவறும்போதும் வேகம் பூஜ்யத்தை ஒட்டியே இருப்பதைக் கருவியின் பதிவேடான லாக்கில் பார்த்து வியந்திருக்கிறேன்.

ஒரு வண்டியில் எல்லாம் செய்தும் ஒவ்வொரு திருப்பத்திலும் பொட்டு வெளியே வீசப்பட்டது. நிரலில் இரண்டு வாரம் தேடினேன். கடைசியில் கருவிப் பெட்டியைக் கையால் தொட்டேன், ஆடியது. இரட்டைப் பக்க ஒட்டுநாடா வெயிலில் இளகி, பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் கைரோ தன் பாட்டுக்குத் தனியாக ஆடியிருக்கிறது. திருகாணி போட்டு முடுக்கினேன், சரியாகிவிட்டது. அன்றிலிருந்து லாக்கைத் திறக்கும் முன் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பது என் பழக்கம்.

பிழையே இல்லாத இடத்தில் பிழை தெரிவதும் உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் போகிறது. தகவல் அரை நொடி தாமதமாக வந்தால் 8 மீட்டர் பின்தங்கும். சக்கரத் தகவலுக்கும் கைரோவுக்கும் செயற்கைக்கோளுக்கும் ஒரே கடிகாரத்தில் நேர முத்திரை இல்லையென்றால், மூன்றும் வெவ்வேறு தருணங்களைப் பற்றிப் பேசும். எங்கள் முதல் பதிப்பில் தகவல் எப்போது வந்து சேர்ந்ததோ அந்த நேரத்தைப் போட்டிருந்தோம். அளந்த நேரத்தைப் போட வேண்டும். ஆன்டெனா எங்கே இருக்கிறது என்பதும் இப்படித்தான். 12 மீட்டர் நீளப் பேருந்தின் வாலில் ஆன்டெனா இருந்து, முன்கதவு நிறுத்தத்தில் நிற்கிறதா என்று கேட்டால், 10 மீட்டர் வித்தியாசம் வரத்தானே செய்யும்.

சுரங்கப்பாதையிலிருந்து வெளியே வரும்போது கிடைக்கும் முதல் சில நொடி இடங்களை நம்பாதீர்கள். கீழ்த்தள நிறுத்தத்தில் வண்டியை அணைக்கும்போது கடைசி இடத்தையும் திசையையும் நினைவகத்தில் எழுதிவையுங்கள். ஒரு செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை ஒருமுறை சொல்லி முடிக்க அரை நிமிடம் பிடிக்கும். கட்டடங்களுக்கு நடுவே அது அறுந்து அறுந்து வரும். ஆகவே அந்த விவரத்தை மொபைல் இணைப்பு வழியாக முன்கூட்டியே இறக்கிக்கொள்வது நல்லது.

வரைபடத்தோடு பொருத்துவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பொட்டை அருகிலுள்ள சாலையில் இழுத்து ஒட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பது பெரிய ஆபத்து. மேம்பாலச் சம்பவத்தில் நடந்தது அதுதான். இழுத்து ஒட்டியது, தவறான சாலையில் ஒட்டியது, அதுவும் மிகுந்த உறுதியோடு. 2009-ல் நியூசன், கிரம் என்ற இருவர் வெளியிட்ட முறை இதைவிட நன்றாக வேலை செய்கிறது. ஒரு புள்ளியை மட்டும் பார்க்காமல், வந்த வழி முழுவதையும் வைத்து எந்தச் சாலைத்தொடர் நடந்திருக்கக் கூடும் என்று அது எடை போடும். அதிலும் நாங்கள் இரண்டு மாற்றம் செய்தோம். ஒன்று, மேலேயும் கீழேயும் சாலை இருந்தால் இரண்டு சாத்தியங்களையும் கடைசி வரை உயிரோடு வைத்திருப்பது. இன்னொன்று, சாலையை விட்டு விலகவும் இடம் கொடுப்பது. ஆம்புலன்ஸ் மருத்துவமனை வளாகத்துக்குள் போகும், எதிர்த்திசையில் ஏறும், மைதானத்தில் இறங்கும். சாலையில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் தேவையான நேரத்தில் பொய் சொல்லும்.

மேலா கீழா என்பதற்குக் காற்றழுத்தமானி ஒன்றைச் சேர்த்தோம். கடல் மட்டத்தை ஒட்டிய இடங்களில் 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும், மலிவான சென்சாரே அதைக் காட்டிவிடும். ஆனால் வண்டிக்குள் ஏசி விசிறியைக் கூட்டினாலும், கதவை அறைந்து சாத்தினாலும் எண் குதிக்கும். ஆகவே அழுத்தத்தின் மதிப்பைப் பார்க்காமல், சரிவுப் பாதை நெடுக அது சீராகக் குறைந்ததா, வண்டியின் மூக்கு மேல்நோக்கி நிமிர்ந்ததா என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தோம். எங்கள் மேம்பாலத்தில் இப்போது பெரும்பாலும் சரியாகச் சொல்கிறது.

கட்டடங்களின் உயரத்தையே பயன்படுத்தும் வழியும் இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பால் குரோவ்ஸ் 2011-ல் எழுதிய யோசனை என்னை மிகவும் கவர்ந்தது. எந்தச் செயற்கைக்கோள் தெரிகிறது, எது நிழலில் மறைந்திருக்கிறது என்பதே நாம் தெருவின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்கிறார். தூர அளவீடு தடுமாறும் அதே குறுக்குத் திசையில்தான் இது நன்றாக வேலை செய்கிறது. 2020 டிசம்பரில் கூகுள் ஆண்ட்ராய்டு போன்களுக்கு முப்பரிமாண வரைபடத்தை வைத்து இப்படிப்பட்ட திருத்தத்தைக் கொண்டுவந்தது. நாங்கள் எளிய அளவில் செய்தோம். அதிகம் தடுமாறிய ஏழு தெருக்களை மட்டும் எடுத்து, போனில் கோணம் பார்த்துக் கட்டட உயரங்களை நானும் அந்த ஓட்டுநர் அண்ணனும் நடந்தே அளந்தோம். எந்தச் செயற்கைக்கோள் தெரியவே கூடாதோ அது தெரிகிறதா? அப்படியானால் அது எதிரொலி, ஒதுக்கு. ஏழு தெருக்களிலும் பலன் கிடைத்தது.

சோதனை செய்கிறவர்களுக்கு: ஒரே நேரத்தில் பத்து முறை ஓட்டிப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். செயற்கைக்கோள்கள் இடம் மாறும். காலை, நண்பகல், மாலை, நள்ளிரவு என்று ஓட்டுங்கள். கருவி சொல்லும் துல்லிய வட்டத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டில் அந்த வட்டத்தின் பொருள், உண்மையான இடம் அதற்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்பதே. மூன்றில் ஒரு முறை வெளியே இருக்கலாம் என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம், ஏனென்றால் பிழை சிதறலாக வரும் என்று நம்பித்தான் அந்த வட்டத்தைக் கணக்கிடுகிறார்கள்.

கடைசியாகக் கட்டுப்பாட்டு அறைத் திரையை மாற்றினோம். ஒன்றரை வருடத்தில் நான் மிகவும் மதிக்கும் மாற்றம் இது. வண்டி எங்கே என்று உறுதியாகத் தெரியாதபோது இப்போது ஒரு பொட்டு தெரிவதில்லை, இரண்டு மங்கலான பொட்டுகள் தெரியும், மேலே ஒன்று, கீழே ஒன்று. பணியில் இருப்பவர் ரேடியோவில் "அண்ணே, மேலயா, கீழயா?" என்று கேட்பார். "மேல" என்று பதில் வர இரண்டு நொடி. அவர் பொத்தானை அழுத்தியதும் அந்தப் பதில் மற்ற அளவீடுகளைப் போலவே கணக்குக்குள் போகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களையும்விட அதற்குத்தான் அதிக எடை கொடுத்து வைத்திருக்கிறேன்.